பட்டியலிலிருந்து பதிவு: ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதாதிருக்கும் வழி

மழைமானியில் நாள்தோறும் காணப்படும் அளவு, ஒரே ஒரு வரியாகத்தான் அலுவலகத்தை வந்தடைகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்த மழை அந்நாளின் மழையாகக் கணக்கிடப்படும். நோக்கர் அளவுக் குவளையில் கண்ட எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். அது பின்னர்க் கணினிக் கோப்பொன்றின் வரியாக மாறுகிறது. அவ்வரி பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம்:

214, 2023-11-04, 12.4, 31.2, 23.6

முதலாவது நிலையத்தின் எண், இரண்டாவது நாள், மூன்றாவது மில்லிமீட்டரில் மழை, நான்காவதும் ஐந்தாவதும் முறையே அன்றைய உச்ச வெப்பநிலை, தாழ் வெப்பநிலை. பழகிய கண்ணுக்கு இவை ஐந்து செய்திகள். கணினிக்கோ, இவ்வரி காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஐந்து எழுத்துத் துணுக்குகளின் பட்டியல் மட்டுமே. 12.4 என்பது மழை என்றும் 31.2 என்பது வெப்பம் என்றும் அது அறியாது. அவை எண்கள் என்பதைக்கூட யாரேனும் சொன்னாலன்றி அது அறியாது.

பட்டியல் என்பதற்கும் பதிவு என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும். பட்டியலில் உள்ளவை யாவும் ஒரே வகையின. எத்தனை உள்ளன என்பது முன்கூட்டித் தெரியாது. அவற்றை அடையாளங்காட்டுவது வரிசை எண் ஒன்றே. பதிவு என்பது அச்சிட்ட படிவத்தைப் போன்றது. அதன் கட்டங்கள் இத்தனை என்று வரையறுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிற்கும் பெயர் உண்டு. இன்ன கட்டத்தில் இன்ன வகைப் பொருளே வரலாம் என்ற விதியும் உண்டு. களத்திலிருந்து வருவது பட்டியல்; ஆய்வுக்கு வேண்டுவது பதிவு. ஒன்றிலிருந்து மற்றொன்றை நிரப்புவதே இக்கட்டுரையின் பொருள். எளிய எழுத்தர் வேலையாகத் தோன்றும் இவ்விடத்தில்தான் பிழைகள் ஓசையின்றிப் புகுகின்றன.

முதலில் தோன்றும் முறை

இவ்வேலைக்கு நிரல் எழுதப் புகும் எவரும் பெரும்பாலும் முதலில் எழுதுவது கீழ்க்காணும் வடிவமே. (நிரல் மொழியின் குறியீடுகளை விடுத்துப் பொருள் மட்டும் தமிழில் தரப்படுகிறது.)

1-ஆம் துணுக்கை எடு, இல்லையெனில் நிறுத்து.
அதனை நிலைய எண்ணாக மாற்று, இயலாதெனில் நிறுத்து.
2-ஆம் துணுக்கை எடு, இல்லையெனில் நிறுத்து.
அதனை நாளாக மாற்று, இயலாதெனில் நிறுத்து.
3-ஆம் துணுக்கை எடு; இல்லையெனில் நிறுத்து.
அதனை மழையளவாக மாற்று, இயலாதெனில் நிறுத்து.

இவ்வாறே ஐந்து கட்டங்களுக்குப் பத்து வரிகள். படிவத்தில் இருபது கட்டங்கள் இருப்பின் நாற்பது வரிகள். ஒவ்வொரு இரண்டு வரிகளிலும் உண்மையில் மாறுவன இரண்டே: வரிசை எண்ணும், எவ்வகையாக மாற்றுவது என்பதும். எஞ்சியவை அனைத்தும் முன்னதன் படியே. எழுதுவோர் முதலிரண்டு வரிகளைப் படியெடுத்து ஒட்டி, மாற வேண்டியதை மட்டும் திருத்திச் செல்வது இயல்பு. திருத்துவதில் ஒன்று விடுபட்டால், 4 என்று இருக்கவேண்டிய இடத்தில் 3 என்றே நின்றுவிடும். மழையளவு உச்ச வெப்பநிலைக் கட்டத்தில் அமர்ந்துவிடும். இரண்டும் பின்ன எண்களாதலால் கணினி முறையிடாது. நிரலும் தடையின்றி ஓடும்.

இப்பிழை கற்பனையன்று. மோரிட்ஸ் பெல்லர், ஆண்டி சைட்மன், ஆந்திரே கார்ப்போவ் ஆகிய மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பொதுவில் கிடைக்கும் நிரல்களில் இவ்வாறு படியெடுக்கப்பட்ட சிறு பகுதிகளை ஆராய்ந்தது. அத்தகைய தொகுதியின் மற்ற வரிகளைக் காட்டிலும் கடைசி வரியிலேயே பிழை இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிவு. வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்தபின் கவனம் தளர்வதை அவர்கள் இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதினர். விடைத்தாள் கட்டின் கடைசித் தாள்களைத் திருத்தியவர்களுக்கு இது புதுச் செய்தியாகாது.

இம்முறையின் தீங்கு வரிகளின் எண்ணிக்கையில் இல்லை. நாற்பது வரி எழுதுவது ஒரு மணி நேர வேலை. எது மாறுகிறதோ அது, மாறாத கூட்டத்தினிடையே மறைந்துவிடுகிறது என்பதே குறை. பின்னர்ச் சரிபார்க்க வருபவர் நாற்பது வரிகளையும் படித்தாலும், நாற்பதாவது வரியைப் படிக்கையில் அவர் கண் எழுத்தைப் பார்க்கும், மனம் பார்க்காது.

படிவமே ஒரு சார்பு

கணிதத்தில் சார்பு என்பது, தரப்பட்ட மதிப்புக்கு உரிய விளைவைத் தரும் விதி. சார்புகளையே முதற்பொருளாகக் கொண்டு, சார்புகளைச் சார்புகளோடு இணைத்து நிரல் அமைக்கும் முறைக்குச் சார்புமுறை நிரலாக்கம் என்று பெயர். 1930-களில் அமெரிக்கக் கணித அறிஞர் அலான்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதம் இதற்கு அடிப்படை. ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய லிஸ்ப் மொழி இக்கருத்தைக் கணினிக்குக் கொணர்ந்தது. 1987-இல் கூடிய அறிஞர் குழுவொன்றின் முயற்சியால் உருவாகி, 1990-இல் முதல் அறிக்கை வெளியிடப்பெற்ற ஹாஸ்கெல் என்னும் மொழியில் இம்முறை மிகத் தூய வடிவில் காணப்படுகிறது. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் மாணவர்க்கு இம்மொழி கற்பிக்கப்பட்டு வந்துள்ளது.

இம்முறையில், நாட்பதிவு என்னும் படிவத்தை ஆக்குவதே ஒரு சார்பு. ஐந்து மதிப்புகளை உட்கொண்டு அது ஒரு பதிவைத் தருகிறது. ஐந்தையும் ஒருங்கே தரவேண்டும் என்பதில்லை. ஒன்றை மட்டும் தந்தால், எஞ்சிய நான்கையும் எதிர்பார்த்து நிற்கும் மற்றொரு சார்பு கிடைக்கிறது. மோசஸ் ஷோன்ஃபின்கெல் என்பவர் 1924-இல் வெளியிட்ட கட்டுரையில் பல மதிப்புச் சார்புகளை இவ்வாறு ஒரு மதிப்புச் சார்புகளாகப் பிரிக்கும் வழியைக் காட்டினார். பின்னாளில் இதனை விரிவாகப் பயன்படுத்திய ஹாஸ்கெல் கரி என்பவரின் பெயராலேயே இன்று இம்முறை வழங்குகிறது. அவருடைய முதற்பெயரே மேற்கூறிய மொழிக்கும் இடப்பட்டது. முதலிற் கூறியவரை மறந்து பின்வந்தவர் பெயரை இடுவது விஞ்ஞான வரலாற்றில் அரிதன்று.

வகுப்பறையில் இதனை விளக்க அட்டை ஒன்று போதும். ஐந்து வெற்றுக் கட்டங்கள் கொண்ட அட்டையை முதல் மாணவரிடம் தருக. அவர் முதற் கட்டத்தை மட்டும் நிரப்பி அடுத்தவரிடம் தருவார். அடுத்தவர் கையில் இருப்பது நான்கு கட்டங்கள் காலியான படிவம். அவர் முன்னதைப் பற்றி எதுவும் அறியவேண்டுவதில்லை. தம் கட்டத்தை நிரப்பிக் கைமாற்றினாற் போதும். ஐந்தாமவர் நிரப்பியவுடன் படிவம் பதிவாகிறது.

இனி, தோல்வியைக் கவனிக்க வேண்டும். மழைக் கட்டத்திற்குரிய துணுக்கு எண்ணாக இல்லாமல், மங்கலான ஓர் எழுத்தாக இருக்கலாம். ஆதலால் ஒவ்வொரு வாசிப்பின் விளைவும் வெறும் மதிப்பாக இராமல், ‘உண்டு 12.4’ என்றோ ‘இல்லை’ என்றோ உறையிலிட்ட மதிப்பாகவே இருக்கும். கைமாறும் அட்டையும் அவ்வாறே உறையில்தான் செல்லும். இவ்விரு உறைகளும் ஓரிடத்தில் கூடும்போது நடக்கவேண்டியதை ஒரே விதியாகக் கூறிவிடலாம்: அட்டையும் உண்டு, மதிப்பும் உண்டு எனில், மதிப்பை அட்டையில் நிரப்பி, நிரம்பிய அட்டையை உறையிலிடுக, இரண்டில் எது இல்லையாயினும் விளைவு இல்லையே.

முன்னர்ப் பத்து வரிகளில் ஐந்து முறை எழுதப்பட்ட ‘இயலாதெனில் நிறுத்து’ என்னும் கட்டளை முழுவதும் இவ்வொரு விதியினுள் அடங்கிவிட்டது. இவ்விதியை ஹாஸ்கெலில் கோணக் குறிகள் இரண்டிற்கு நடுவே ஒரு விண்மீன் குறியிட்டு எழுதுவர். முதற் கட்டத்திற்கு மட்டும் விண்மீனுக்குப் பதிலாக டாலர் குறி வரும். அப்போது அட்டை இன்னும் உறையினுட் செல்லவில்லை என்பதே காரணம். அதன்பின் நிரல் இவ்வளவே:

நாட்பதிவு
<$> நிலைய எண்
<*> நாள்
<*> மழை
<*> உச்ச வெப்பம்
<*> தாழ் வெப்பம்

கானர் மெக்பிரைட், ராஸ் பேட்டர்சன் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வமைப்பிற்குத் தெளிவான விதிகளை வகுத்தது. அதுமுதல் அப்ளிகேட்டிவ் என்னும் பெயர் நிலைத்தது. அவர்கள் புதிய கணிதம் எதனையும் புகுத்தியதாகக் கொள்ள வேண்டுவதில்லை. நிரல் எழுதுவோர் பலவிடங்களில் தனித்தனியே எழுதிவந்த ஒரே வடிவத்தைக் கண்டு அதற்குப் பெயரிட்டனர். அதுவே பெரும் பயன் விளைத்தது.

வரிசை எண்கள் எங்கே போயின என்ற வினா எழலாம். மேற்கண்ட ஐந்து வரிகளில் 1, 2, 3 என்பவை இல்லை. ஒவ்வொரு வாசிப்பும் பட்டியலின் தலையிலுள்ள துணுக்கை எடுத்துக்கொண்டு, எஞ்சிய பட்டியலை அடுத்த வாசிப்பிற்குத் தருகிறது. மேலே கூறிய கூட்டு விதியே இக்கைமாற்றத்தையும் செய்கிறது. ஆதலின், எண்ணை மாற்ற மறப்பது என்ற பிழை எழுதப்படவே இடமில்லாமற் போகிறது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: ஐந்தும் எடுக்கப்பட்டபின் பட்டியல் காலியாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ஆறாவது துணுக்கு எஞ்சியிருப்பின், எங்கோ தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி விழுந்திருக்கக்கூடும், 12.4 என்பது 12 என்றும் 4 என்றும் இரண்டாகப் பிரிந்து, அதன்பின் உள்ளவை யாவும் ஓரிடம் தள்ளி அமர்ந்திருக்கும்.

எல்லாப் பிழைகளையும் ஒருங்கே கூறுதல்

இல்லை என்ற ஒரு சொல்லோடு வரியைத் திருப்பியனுப்புவது அலுவலகத்திற்கு எளிது. களப்பணியாளருக்கு அது கொடுமை. எந்தக் கட்டத்தில் என்ன குறை என்று கூறப்பட வேண்டும். அவ்வாறு கூறும்போதும், முதற் பிழையைக் கண்டவுடன் நின்றுவிடும் நிரல் நாள் பிழையென்று ஒருமுறை திருப்பும். அதைத் திருத்தி அனுப்பினால் மழை பிழையென்று மறுமுறை திருப்பும். நோக்கர் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தில் இருப்பவராயின், ஒரு வரி சீர்பெற ஒரு வாரம் ஆகலாம். ஆசிரியர் ஒருவர் விடைத்தாளின் முதற் பிழையை மட்டும் சுழித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவதை ஒத்தது இது.

இங்கே அப்ளிகேட்டிவ் அமைப்பின் சிறப்பு வெளிப்படுகிறது. கூட்டு விதியை மட்டும் மாற்றினாற் போதும்: அட்டை உறையிலும் பிழை, மதிப்பு உறையிலும் பிழை எனில், இரு பிழைக் குறிப்புகளையும் சேர்த்து ஒரே உறையில் இடுக. துணுக்கு வாசிக்க இயலாததாயினும் அது எடுக்கப்பட்டதாகவே கொண்டு, எஞ்சிய பட்டியலை அடுத்த வாசிப்பிற்குத் தரவேண்டும். ஐந்து வரி நிரலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. பழைய முறையிலோ, பத்து வரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருக்கும்.

இவ்வாறு எல்லாப் பிழைகளையும் திரட்ட முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஐந்து கட்டங்களும் ஒன்றையொன்று சாராதவை; நாளை வாசிக்க மழையின் விளைவு தேவையில்லை. சில படிவங்களில் அவ்வாறன்று. முதற் கட்டம் நிலையத்தின் தரத்தைக் கூற, தரத்திற்கு ஏற்பப் பின்வரும் கட்டங்களின் எண்ணிக்கையே மாறுவதுண்டு. அங்கே முதற் கட்டம் வாசிக்கப்பட்டாலன்றி அடுத்தது என்னவென்றே தெரியாது. அதற்கு மோனாட் எனப்படும் வலிமை மிக்க அமைப்பு வேண்டும். அவ்வலிமைக்கு விலை, முதற் பிழையிலேயே நிற்க நேர்வது. தேவைக்கு மேற்பட்ட வலிமையுள்ள கருவியை எடுத்தால் பிழைகளைத் திரட்டும் வசதியை இழக்க நேரும் என்பதை நிரல் எழுதுவோர் பலர் காலந்தாழ்ந்தே உணர்கின்றனர்.

இன்மையும் சுழியமும்

மழைக் கட்டம் காலியாக இருக்கும்போது என்ன செய்வது? சில நிரல்களில், எண்ணாக மாற்ற இயலாதெனில் 0 என்று இட்டுவிடும் வழக்கம் உண்டு. நிரல் தடையின்றி ஓடுகிறது என்ற நிறைவைத் தவிர இதில் வேறு நன்மை இல்லை. ஒரு மாதத்தின் 30 நாட்களில் 27 நாட்கள் மட்டுமே அளவெடுக்கப்பட்டு, மொத்த மழை 108 மில்லிமீட்டர் என்று கொண்டால், அளந்த நாட்களின் சராசரி 4 மில்லிமீட்டர். விடுபட்ட மூன்று நாட்களுக்கும் 0 இட்டால் சராசரி 3.6 ஆகிவிடும். மேலும், பெய்ததா இல்லையா என்றே தெரியாத மூன்று நாட்கள் வறண்ட நாட்களாகக் கணக்கிற் சேர்ந்துவிடும். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே மழைநாள் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறை, அக்கணக்கும் கெடும்.

பழைய கோப்புகளில் இன்மையைக் குறிக்க -999 போன்றதோர் எண்ணை இடுவது வழக்கம். 0 இடுவதைவிட இது நேர்மையானதே. ஆனால் அதை அறியாத ஒருவர் கூட்டிவிட்டால் அம்மாதத்தின் மழை எதிர்மறையாகிவிடும். அவ்வாறு எதிர்மறையானால் யாரேனும் கவனிப்பர்; நீண்ட காலத் தொகுப்பில் ஒரே ஒரு -999 கலந்துவிட்டால் விளைவு சற்றே குறையும், ஒருவரும் கவனியார்.

சார்புமுறை மொழிகளில் மழை என்னும் வகையையே மூன்று கிளைகளாக வகுக்கலாம்: அளக்கப்பட்டது, இத்தனை மில்லிமீட்டர் என்பது ஒன்று, தூறல் விழுந்தது, அளவுக்கு எட்டவில்லை என்பது மற்றொன்று, அளக்கப்படவில்லை என்பது மூன்றாவது. இதன்பின் மழையைக் கூட்டும் சார்பு எழுதுபவர் மூன்று கிளைகளுக்கும் விடை கூறியாக வேண்டும். ஒன்றை விட்டால் மொழிபெயர்ப்பி எச்சரிக்கும். குறிப்பேட்டின் ஓரத்தில் நோக்கர் எழுதிய ‘அளக்கவில்லை’ என்ற சொல் இவ்வாறு கணக்கின் கடைசிப் படி வரை அழியாமற் செல்கிறது.

பத்திவாரியாக வரும் பட்டியல்கள்

இதுவரை ஒரு நாளின் செய்தி ஒரு வரியாக வந்தது. பல அலுவலகங்களில் செய்தி பத்திவாரியாக வரும்: மாதத்தின் நாட்கள் ஒரு பட்டியல், மழை ஒரு பட்டியல், உச்ச வெப்பம் ஒரு பட்டியல். இவற்றைப் பல் பல்லாகக் கோத்துப் பதிவுகளை ஆக்க வேண்டும். பையின் இழுவைப் பற்களைப் போல இரண்டு பட்டியல்களைக் கோக்கும் சார்பு சார்புமுறை மொழிகள் பலவற்றில் ஆயத்தமாகவே உள்ளது. அதன் பெயரும் ஜிப் என்பதே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பட்டியல்களுக்கு ஒரு சார்பு என்று தொடங்கிய ஹாஸ்கெல் நூலகம், மூன்றுக்கு ஒன்று, நான்கிற்கு ஒன்று என்று ஏழு வரை தனித்தனிச் சார்புகளை வைத்துள்ளது. எட்டுப் பத்திகள் உடையவர் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். திரும்பத் திரும்ப எழுதுதலை ஒழிக்க வந்தவர்களின் நூலகத்திலேயே அது குடிகொண்டிருப்பதைக் காணலாம். மேற்கூறிய அப்ளிகேட்டிவ் அமைப்பு இதற்கும் உதவுகிறது. உறை என்பதற்குப் பதிலாகப் பத்தி என்று கொண்டு, ‘அட்டைகளின் பத்தியும் மதிப்புகளின் பத்தியும் கூடினால், முதலை முதலோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் நிரப்புக’ என்று விதி வகுத்தால், பத்திகள் எத்தனையாயினும் அதே விண்மீன் குறியால் கோக்கலாம். நிரலின் தோற்றம் முன்னர்க் கண்ட ஐந்து வரிகளின் தோற்றமே.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆபத்து தீரவில்லை. கோக்கும் சார்பு, பட்டியல்களுள் மிகக் குட்டையானது முடிந்தவுடன் ஓசையின்றி நின்றுவிடும். இது கவனக்குறைவால் நேர்ந்த அமைப்பன்று. 1, 2, 3 என்று முடிவின்றிச் செல்லும் பட்டியலோடு ஒரு பெயர்ப் பட்டியலைக் கோத்து வரிசை எண் இட இவ்வியல்பு மிகவும் பயன்படும். களச் செய்திக்கோ இது கேடு. நவம்பர் 12-ஆம் நாள் மழை அளக்கப்படவில்லை எனக் கொள்க. கோப்பைத் தூய்மை செய்தவர், காலியாக இருந்த அக்கட்டத்தை நீக்கிவிட்டார். மழைப் பட்டியலில் இப்போது 29 எண்களே உள்ளன. ஏனைய பட்டியல்களில் 30. கோத்து முடித்தால் 29 பதிவுகள் கிடைக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. 30-ஆம் நாள் காணாமற் போகும். அதனினும் கொடியது, 13-ஆம் நாளின் மழை 12-ஆம் நாளுக்கும், 14-ஆம் நாளின் மழை 13-ஆம் நாளுக்கும் உரியதாகப் பதிவாகும். பெருமழை பெய்த நாளும் ஆற்றில் வெள்ளம் வந்த நாளும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போய், எவ்வளவு நேரத்தில் நீர் வந்து சேர்ந்தது என்று கணக்கிடுபவருக்கு ஒரு முழு நாள் தவறிவிடும்.

இதற்கு மாற்று இரண்டு. கோக்கும் முன் பட்டியல்களின் நீளம் சமமா என்று பார்த்து, சமமில்லையெனில் மறுக்கும் சார்பொன்றை ஒருமுறை எழுதி எங்கும் அதனையே பயன்படுத்துவது ஒன்று. காலிக் கட்டத்தை எக்காரணத்தாலும் நீக்காமல், அளக்கப்படவில்லை என்ற குறியோடு அதன் இடத்திலேயே விடுவது மற்றொன்று. இரண்டாவதைக் களத்தில் இருப்பவரே செய்ய முடியும். நிரல் எழுதுபவரால் இயலாது.

ஒரே வகையான இரு கட்டங்கள்

ஐந்து வரி நிரல் தீர்க்காத குறை ஒன்று எஞ்சியுள்ளது. உச்ச வெப்பமும் தாழ் வெப்பமும் பின்ன எண்களே. நிரலின் கடைசி இரு வரிகளை இடம் மாற்றி எழுதிவிட்டால், மொழிபெயர்ப்பி அதனை அறிய வழியில்லை. சுருங்கிய நிரலில் கண் எளிதில் காணும் என்பது உண்மை. ஆயினும் கண்ணையே நம்பியிருத்தல் போதாது.

உச்ச வெப்பம், தாழ் வெப்பம் என்று இரண்டு தனி வகைகளை வகுத்துவிடுவதே தக்க வழி. உள்ளே இருப்பது ஒரே வகை எண்ணாயினும் மேலுறை வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தந்தால் நிரல் ஓடுவதற்கு முன்பே மறுக்கப்படும். ஹாஸ்கெலில் இவ்வுறைக்கு ஓடும் நேரத்தில் கூடுதல் செலவு இல்லை. எஃப் ஷார்ப் மொழியில் அளவைகளின் அலகுகளையே வகையின் பகுதியாக எழுத இடமுண்டு. எண்ணோடு அதன் பொருளும் செல்ல வேண்டும் என்பதற்கு 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் செவ்வாய்க் கோளின் அருகே இழக்கப்பட்ட அமெரிக்க விண்கலத்தைச் சான்றாகக் கூறுவர். தரையிலிருந்த ஒரு நிரல் உந்துவிசைக் கணத்தை இறாத்தல்-விசை நொடிகளில் தந்தது. அதனை வாங்கிய நிரல் நியூட்டன் நொடிகளாகக் கொண்டது. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. இரண்டு நிரல்களுக்கும் இடையே சென்றவை வெறும் எண்கள், எண்களுக்கு உறையில்லை.

கட்டங்களின் இடத்தை நம்பாமல் பெயரை நம்புவதும் உதவும். கோப்பின் முதல் வரியில் தலைப்புகள் இருப்பின், ‘மழை என்ற தலைப்பின் கீழ் உள்ளதை எடு’ என்று கூறலாம். பத்திகள் இடம் மாறினாலும் பதிவு மாறாது. தலைப்பை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவது இதன் தொல்லை: ‘மழை’ என்பார் ஒருவர், ‘மழை மி.மீ.’ என்பார் மற்றொருவர், பின்னால் ஒரு வெற்றிடம் விட்டு எழுதுவார் இன்னொருவர். எனினும் இப்பிழை உரக்கக் கத்தும் பிழை, மறைந்திருந்து கெடுப்பதன்று.

எதையுமே எழுதாமலிருத்தல்

பதிவின் வரையறையைப் பார்த்து, நிரப்பும் நிரலை மொழிபெயர்ப்பியே ஆக்கிக்கொள்ளும் வசதியும் இன்று உண்டு. காற்புள்ளிக் கோப்புகளுக்கென ஹாஸ்கெலில் வழங்கும் கசாவா என்னும் நூலகம் அத்தகையது. ஐந்து வரிகளும் வேண்டுவதில்லை. ‘இப்பதிவை வரியிலிருந்து நிரப்புக’ என்ற ஒரு வரி போதும். பல படிவங்களைக் கையாளும் இடத்தில் இது பெரும் உதவி.

ஆனால் இடத்தைக் கொண்டு நிரப்பும் முறையில் இவ்வசதியைப் பயன்படுத்தும்போது, பதிவின் வரையறையில் கட்டங்கள் எழுதப்பட்ட வரிசையே கோப்பின் வரிசையாகக் கொள்ளப்படுகிறது. ஒருவர் அழகு கருதிக் கடைசி இரு கட்டங்களின் வரிசையை மாற்றி எழுதினால், நிரல் மறுபடியும் தடையின்றி ஓடக்கூடும். வெப்பநிலைகள் இரண்டும் இடம் மாறியிருக்கும். முன்பு படியெடுத்து ஒட்டிய வரிகளில் ஒளிந்திருந்த பிழை, இப்போது எழுதப்படாத வரிகளில் ஒளிந்துகொள்கிறது. தனி வகைகளும் இதனைத் தடுக்கமாட்டா. ஏனெனில் இரண்டு உறைகளும் தாமாகவே எண்ணை வாசித்துக்கொள்ளும். இக்காரணம் பற்றியே, அளவைகள் செல்லும் இடத்தில் ஐந்து வரிகளைக் கையால் எழுதுவதே மேல் என்று கருதுவோர் உளர். அல்லது தானே நிரப்பும் வசதியைத் தலைப்புப் பெயரோடு மட்டும் பயன்படுத்தல் வேண்டும்.

நிரப்பிய பதிவை மீண்டும் வரியாக எழுதி, வந்த வரியோடு ஒத்துள்ளதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. அச்சோதனை இங்கே ஏமாற்றும்: வாசிப்பதும் எழுதுவதும் ஒரே தவறான வரிசையைப் பின்பற்றினால் இரண்டு வரிகளும் ஒத்தே காணப்படும். ஆதலால் ஒரு வரியையேனும், குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர் சொல்லி ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கென எடுக்கும் வரியில் ஐந்து மதிப்புகளும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். பனிமூட்டத்தாலோ இடைவிடா மழையாலோ உச்ச வெப்பமும் தாழ் வெப்பமும் ஒன்றையொன்று நெருங்கிய நாளின் வரி இதற்குப் பயன்படாது. நல்ல வெயில் அடித்து, மாலையில் மழையும் பெய்த ஒரு நாளின் வரியே ஏற்றது.